நடந்துகொண்டே பதினாறாம் வாய்ப்பாடு

…கால் மணி நேரம் படிக்க வையுங்கள், ஐந்து நிமிஷம் எழுந்து நடக்க விடுங்கள், பிறகு மறுபடி கால் மணி நேரம், இவ்வளவுதானா, இதைக் கேட்கவா மதுரைக்குப் போனோம், இதைக் கேட்டதும் ஏன் கைப்பையை அப்படி இறுக்கிப் பிடித்தோம், அந்த டாக்டரம்மா கவனித்திருப்பாளோ… பஸ் காரியாபட்டியைத் தாண்டிவிட்டது, இரண்டு மணி வெயில், ஜன்னலுக்கு வெளியே வெடித்துக் கிடக்கும் கரிசல், சீமைக்கருவேலம், மறுபடி கரிசல். மாரீஸ்வரி மூன்று பேர் சீட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நடுவில் கோகிலாம்பாள், ஜன்னலோரம் அவள் மகள் ரோஷினி, ஒன்பது வயது, நான்காம் வகுப்பு, மாரீஸ்வரியிடம் டியூசன் படிக்க வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஏறினதிலிருந்து பிள்ளை நாலு தடவை எழுந்து நின்றுவிட்டாள், தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து மடியில் கொட்டிக்கொண்டாள், கண்டக்டரிடம் இன்னொரு டிக்கெட் கிழித்துத் தரச் சொல்லி நச்சரித்தாள், அவர், “பிள்ளையப் பிடிச்சு உக்கார வைங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து கோகிலாம்பாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே வருகிறாள். கவனக் குறைபாடு என்று டாக்டரம்மா தமிழிலும் சொன்னாள், இங்கிலீஷிலும் சொல்லி மருந்துச் சீட்டில் எழுதினாள், இது சேட்டையும் இல்லை, திமிரும் இல்லை, மூளை கொஞ்சம் வேற மாதிரி ஓடுது, அடிச்சால் நிற்காது என்றாள். மாரீஸ்வரியைப் பார்த்து, “உங்களுக்கெல்லாம் இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க டீச்சர், தெரிய வாய்ப்பில்ல” என்று சிரித்தாள், நல்லவிதமாகத்தான் சொன்னாள்… வாய்ப்பில்லைதான், அது எண்பத்து மூணு, இது தொண்ணூற்று ஆறு, பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் அருப்புக்கோட்டையில் யாருக்குத் தெரியும் இந்தப் பெயரெல்லாம்.

பெயர் தெரியாது. மாரிக்கனியைத் தெரியும். பாலவனத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து டவுன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்த பிள்ளை, சாயங்காலம் டியூசன் முடித்து ஆறரை மணி பஸ்ஸுக்கு ஓடுவாள், ஓட்டம் என்றால் அப்படி ஒரு ஓட்டம். அப்பா சங்கையா மல்லியும் பருத்தியும் போடுகிற சம்சாரி, முதல் நாள் கொண்டுவந்து விட்டபோது, “கணக்குல பதினாலு மார்க்கு டீச்சரம்மா, அடிச்சுப் பாத்துட்டேன், கெஞ்சியும் பாத்துட்டேன்” என்றார். மாரீஸ்வரிக்கு அப்போது இருபத்தேழு வயது, கணக்குப் படிப்பு முடித்து வேலை வராமல், வந்த மாப்பிள்ளைகளும் தட்டிப்போய், வீட்டு முன்கூடத்தில் இருபத்திரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து டியூசன் எடுத்துக்கொண்டிருந்தாள், தெருவில் அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள், அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வருஷங்களைக் கடந்தாள், இல்லையா… மாரிக்கனி கணக்கைப் பாதியில் விட்டுவிடுவாள். கூட்டிக்கொண்டே வருவாள், மீதியை மேலே போடுகிற இடத்தில் நின்றுவிடுவாள், கேட்டால், “இங்கனதான் டீச்சர் இருந்துச்சு, போயிருச்சு” என்பாள், ஏதோ கோழிக்குஞ்சு ஓடிப்போன மாதிரி. எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒரு நாள் முற்றத்தில் மழைக்கு நனைந்த துணியை எடுக்கச் சொல்லி அவளை அனுப்பியதுதான், கொடிக்கும் வாசலுக்கும் நடந்தபடி பிள்ளை பதினாறாம் வாய்ப்பாட்டைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது, ஏழு பதினாறு நூத்திப் பன்னெண்டு, எட்டுப் பதினாறு நூத்தி இருபத்தெட்டு, ஒரு இடத்திலும் தட்டவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டால் நாலாவது வரியில் நின்றுபோனது. மறுபடி முற்றத்துக்கு அனுப்பினாள், வந்தது. மாரீஸ்வரிக்கு உடம்பு சிலிர்த்த மாதிரி இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை, மறுநாளிலிருந்து, “ஏட்டி, நீ நடந்துக்கிட்டே படி” என்று விட்டுவிட்டாள், ஒரு கணக்கு உட்கார்ந்து, ஒரு கணக்கு நடந்து, மூன்று வாரம்… காலாண்டில் ஐம்பத்தெட்டு. விடைத்தாளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்த அந்த முகம், வேண்டாம், அந்த முகத்தை இப்போது நினைக்க வேண்டாம். ரோஷினி மறுபடி எழுந்துவிட்டாள், கோகிலாம்பாள் இழுத்து உட்கார வைக்கிறாள், “உக்காரு தாயி, மானத்த வாங்காத” என்று காதருகில் சொல்கிறாள், அவள் குரலில் அழுகை இருக்கிறது.

வெள்ளத்துரை வந்தது காலாண்டு மார்க் வந்ததற்கு அடுத்த வாரம். பலசரக்குக் கடைக்காரர், அவர் மகனும் அவர் தெருப் பிள்ளைகள் ஐந்து பேரும் அவளிடம்தான் படித்தார்கள். வாசலில் நின்றபடியே, “என்ன டீச்சர், இது டியூசனா, சந்தையா? எம் மகன் பாடத்தப் பாப்பானா, இவ நடக்குறத வேடிக்க பாப்பானா? நாலு வீட்டுல பேசிக்கிறாக” என்றார். அவ்வளவுதான் சொன்னார், சத்தம்கூடப் போடவில்லை. அந்தப் பிள்ளை அப்படித்தான் படிக்கும் என்று சொல்லியிருக்கலாம், ஐம்பத்தெட்டு மார்க்கைக் காட்டியிருக்கலாம், வாய் வரவில்லை, “இல்லண்ணே, இனி உக்கார வச்சுருதேன்” என்றுதான் வந்தது. அன்று சாயங்காலம் மாரிக்கனி மூன்றாவது தடவை எழுந்தபோது மாரீஸ்வரி அவள் ரெட்டைச் சடையில் ஒன்றின் நீல ரிப்பன் நுனியை அவிழ்த்து, சடையோடு சேர்த்து ஜன்னல் கம்பியில் முடிந்துவிட்டாள், சும்மா விளையாட்டுக்கு, விளையாட்டுக்குத்தானே, பிள்ளைகள் எல்லாம் கைதட்டிச் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், மாரிக்கனியும்தான் சிரித்தாள். பிறகு ஒரு மணி நேரம் அசையவில்லை. அப்பாடா, இன்றைக்குத்தான் உட்கார்ந்தாள் என்று நிம்மதியாக இருந்தது, ஆமாம், நிம்மதியாகத்தான் இருந்தது, அதை இல்லை என்று சொல்லிவிட முடியுமா… முடிச்சை அவிழ்க்கும்போது நோட்டைப் பார்த்தாள். தேதிகூடப் போட்டிருக்கவில்லை.

மறுநாள் வரவில்லை. ஒரு வாரம் கழித்துச் சங்கையா வந்தார், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “டீச்சரம்மா, பிள்ள வரலங்குது. தன்னால உக்கார முடியலன்னு அதுவே சொல்லுது, மத்த பிள்ளைக படிப்பக் கெடுக்க வேணாமுன்னு… நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிறாதீக” என்று மன்னிப்புக் கேட்டார். அவர் கேட்டார்! அனுப்பி வையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். “பரவால்லங்க” என்றாள். முழுப்பரீட்சையில் பெயிலாகிப் படிப்பை நிறுத்தினார்கள், பருத்தி எடுக்கப் போனாள், பதினேழு வயதில் பரளச்சியில் கட்டிக்கொடுத்தார்கள், எல்லாம் யாரோ சொல்லித் தெரிந்ததுதான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் பந்தல்குடியில் பஸ்ஸுக்கு நின்றபோது, இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாகப் பிள்ளைகளோடு ஒருத்தி ஓடிவந்தாள், ஓட்டத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. “டீச்சர், என்னயத் தெரியுதா?” என்று வாயெல்லாம் சிரிப்பு. கையில் பிடித்திருந்த பெண்பிள்ளை திமிறிக்கொண்டிருந்தது, அதன் முதுகில் ஒன்று வைத்து, “இதுவும் என்னய மாதிரி மக்குதான் டீச்சர், ஒரு எடத்துல நிக்காது” என்றாள். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள் போல, “ஒரே ஒருக்க எனக்கும் கணக்கு வந்துச்சுல்ல டீச்சர், ஐம்பத்தெட்டு வாங்குனேன்ல? அது எப்பிடி வந்துச்சுன்னுதான் இன்ன வரைக்கும் தெரியல” என்றாள். அவளுக்குத் தெரியவில்லை. எட்டு வருஷம், ஒன்பது வருஷம், ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நீ நடந்தாயே, அதனால்தான் வந்தது, இந்தப் பிள்ளையையும் நடக்க விடு என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பஸ் வந்தது. “பத்திரமாப் போயிட்டு வாங்க டீச்சர்” என்று கையாட்டினாள். தெரிய வாய்ப்பில்லையாம்… டாக்டரம்மா, எனக்குத் தெரியும், பெயர்தான் தெரியாது, என்ன செய்ய வேண்டும் என்று மூன்று வாரம் தெரிந்திருந்தது.

“டீச்சர்” என்றாள் கோகிலாம்பாள், ரோஷினி அவள் தோளில் சாய்ந்தபடி ஜன்னல் கம்பியில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள், “எங்க வீட்ல அவுக, பொம்பளப் பிள்ளைய மூளை டாக்டர்ட்டக் கூட்டிட்டுப் போறது வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் கட்டுவான்னு கேக்காக. நீங்க இத்தன வருசம் எத்தன பிள்ளைகளப் பாத்துருப்பீக, இந்த மாதிரி யாரையாச்சும் பாத்துருக்கீகளா?” “இல்ல கோகிலா” என்று உடனே வந்துவிட்டது, யோசிக்கவே இல்லை, அன்றைக்கு வெள்ளத்துரையிடம் வந்த மாதிரியே, இந்த வாய் எப்போதும் பயத்துக்குத்தான் முதலில் திறக்கிறது. கோகிலாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். “அப்ப எம் மக ஒருத்திதானா” என்றாள், கேள்வி மாதிரிகூட இல்லை, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர் எல்லை வந்துவிட்டது, தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது, இறங்கினவுடன் அவளவள் வீட்டுக்குப் போய்விடலாம், நாளை ஐந்து மணிக்கு இந்தப் பிள்ளை வரும், எழுந்து நடக்கும், வேறு யாராவது வாசலில் வந்து நிற்பார்கள், அப்போது என்ன சொல்வோம், நாற்பது வயதில் சொல்லிவிடுவோமா… “இல்ல கோகிலா, நான் பொய் சொல்லிட்டேன்” என்றாள் மாரீஸ்வரி, தன் குரல்தானா என்று இருந்தது, “பாலவனத்தத்துல ஒருத்தி இருந்தா. இப்பிடியேதான் இருந்தா.” கோகிலாம்பாள் சட்டென்று நிமிர்ந்தாள், காலையிலிருந்து அவள் முகத்தில் இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது, மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை தானாகத் தளர்ந்தது. “நெசமாவா? அவளுக்குச் சரியாயிருச்சா டீச்சர்?” என்று கேட்டாள், பதிலுக்காக அவள் கண் மாரீஸ்வரியின் வாயையே பார்த்தது, அவளுக்கா, சரியாக வேண்டியிருந்தது அவளுக்கா, எனக்கா… பஸ் நின்று ஆட்கள் இறங்க ஆரம்பித்த பிறகும் மாரீஸ்வரி அவர்கள் இருவரையும் இறங்கவிடாமல் பாதையை மறித்தபடி எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.