மேடையில் நிறைந்த பை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், சிறுநீர்ப்பை எடுக்கப்பட்ட பெண்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்துவிட்டது. மருத்துவமனையின் பெரிய அரங்கில், பெரிய டாக்டர் தம் திருவாயால் இதை மொழிந்தார். கூட்டம் கைதட்டியது. உயர்ந்த வாழ்க்கைத் தரத்துக்குச் சாட்சியாக, ஒரு தையற்காரியை மேடை நடுவே உட்காரவைத்திருந்தார்கள்.

புற்றுநோய் கண்ட அவளுடைய சிறுநீர்ப்பையை எடுத்தவர் இதே டாக்டர்தான். வயிற்றில் ஒரு துளை போட்டு, அதன்மேல் ஒரு பையை ஒட்டி அனுப்பியிருந்தார். அந்தப் பை யாரையும் கேட்பதில்லை. அது பாட்டுக்குச் சொட்டி நிறையும். நிறைந்தால் அடிமூடியைத் திறந்து கழிப்பறையில் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் கனத்தில் ஒட்டு விட்டுப்போகும். ஒருமுறை கடையில் அளவெடுக்கும்போதே விட்டுப்போனது. அளவு கொடுக்க வந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள். அதற்கப்புறம் நாலு பேர் முன்னால் தையற்காரி வந்தது இன்றைக்குத்தான்.

"கொஞ்ச நேரந்தாம்மா" என்று சொல்லித்தான் டாக்டர் உட்காரவைத்தார். தம் குருமார்களுக்கு வணக்கம் சொல்லி முடிக்கவே அந்தக் கொஞ்ச நேரம் போதவில்லை. இடையிடையே, "தண்ணி நிறையக் குடிக்கணும்!" என்று அவள் பக்கம் கை நீட்டுவார். உடனே நர்ஸ் டம்ளரை நிரப்புவாள். அரங்கமே பார்க்க அவள் குடித்தாக வேண்டும். குடித்தது எங்கே போகும் என்று அங்கிருந்த நிபுணர் எவருக்கும் தோன்றவில்லை.

கை தானாக வயிற்றுக்குப் போனது. ஒட்டின் ஓரம் இழுத்தது. பிரியப்போகிற தையலின் இழுப்பு அவளுக்கா தெரியாது? கடிகாரத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி கடிகாரம். முன்வரிசையிலிருந்த நாத்தனார் புருவத்தாலேயே "என்ன அண்ணி?" என்றாள்.

தையற்காரி கையைத் தூக்கினாள்.

"நன்றியெல்லாம் கடைசியில சொல்லலாம்மா" என்றார் டாக்டர், பெருந்தன்மையோடு. மறுபடி கைதட்டல்.

அவள் எழுந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "நீங்க நல்லாத்தான் பேசறீங்க டாக்டர். ஆனா பை நிறைஞ்சுடுச்சு. அதுக்குக் காது கிடையாது."

வயிற்றைப் பிடித்தபடி இறங்கி நடந்தாள். நாத்தனார் பின்னாலேயே ஓடினாள். பெண்கள் கழிப்பறையில், மிஞ்சிய நாற்காலிகளைக் கூரைவரை அடுக்கியிருந்தார்கள்.

"அய்யோ, இப்ப என்னடி பண்றது?"

"பக்கத்துல ஆம்பளைங்களோடது காலியாத்தான் கிடக்கு. உள்ள போங்க அண்ணி. எவன் வரான்னு நான் பாத்துக்கறேன்" என்று அவளைத் தள்ளிவிட்டு, நாத்தனார் வாசலை அடைத்து நின்றாள். உள்ளே மூடி திறந்தது. ஒட்டு விடவில்லை. தையற்காரிக்கு மூச்சு வந்தது.

அவள் எழுந்து போனதும் சபைக்கும் இயற்கை அழைப்பு ஞாபகம் வந்துவிட்டது. நிபுணர்கள் வரிசைகட்டி வந்தார்கள். முதலில் பெரிய டாக்டர், காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி.

"இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"பையைக் கொட்டறப்ப அவசரப்படக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லி அனுப்பினீங்க? கழுவணும், துடைக்கணும், ஒட்டைச் சரிபார்க்கணும். உங்களுக்கென்ன டாக்டர், கடவுள் குடுத்த பை உள்ளேயே இருக்கு. அடக்கிக்குங்க" என்றாள் நாத்தனார், வாசலை விட்டு நகராமல்.

டாக்டரால் அடக்க முடியவில்லை.