வேலியில் மாட்டிய மான்

ஊரில் அவரைச் சைரன் என்றுதான் சொல்வார்கள். ஆம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில் வந்த பேர். வேலையை விட்டு, பேச்சையும் ஏறக்குறைய விட்ட பிறகும் பேர் மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைக்குப் போனால், "சைரன் சத்தமே இல்லாம வந்து நிக்குது பாரு" என்று யாராவது கிண்டலடிப்பார்கள். அவரும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து வைப்பார்.

வேலையை விட்டதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. ஒருநாள் வண்டியின் பின்பக்கம் ஒரு தாய், மகன் பேரைச் சொல்லிச் சொல்லிக் கதறிக்கொண்டு வந்தாள். பாதி வழியில் அந்தக் கதறல் வேறு மாதிரி ஆனது. என்ன நடந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. புரிந்தும், திரும்பிப் போக டீசல் காணுமா என்றுதான் மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவி, சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டார். மனசுக்குக் கஷ்டமாக இருந்ததா என்று மனைவி கேட்டாள். இல்லை என்றார். பொய் சொல்லவில்லை.

வீடு ஊருக்கு வெளியே தனியாக இருந்தது. பின்னால் புல் சரிவு, கீழே ஒரு குட்டை, அதைத் தாண்டி மரங்கள். முன்னறையில் மனைவியின் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். ஆள் நாளாவட்டத்தில் சரியாகிவிடுவார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். டவுனில் ஸ்டுடியோ வைத்திருந்த அவள் தம்பிதான், சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு பழைய கேமராவையும் நீளமான லென்ஸையும் கொண்டுவந்து கொடுத்தான்.

அதை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். குட்டைக்கு வரும் மீன்கொத்தி, சரிவில் ஓடும் நரி, மரங்களுக்கு நடுவில் தொங்கும் பனி என்று எல்லாவற்றையும் எடுத்தார். இருட்டியதும் கேமராவை முக்காலியில் பூட்டி, ஷட்டரைத் திறந்துவிட்டு, நட்சத்திரங்கள் பதியும்வரை பக்கத்தில் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். அசையாமல் இருப்பது அவருக்குச் சிரமமே இல்லை. படங்கள் நன்றாக வந்தன. மச்சினன் சிலவற்றைப் பெரிதாகப் போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டினான். பார்த்தவர்கள் வாயாரப் பாராட்டினார்கள். யார் வீட்டுப் பிள்ளையோ மார்க் வாங்கியதைக் கேட்பதுபோல அவர் கேட்டுக்கொண்டார்.

மழை விட்ட ஒரு விடியற்காலையில் அவர் சரிவில் இறங்கினார். குட்டைக்கு மேலே, முன்பு அந்த வீட்டில் இருந்தவர்கள் போட்ட முள்கம்பி வேலி கிடந்தது. காக்க ஆடும் இல்லை, மாடும் இல்லை. வேலி மட்டும் இருந்தது. அதில் ஒரு இளம் மான் மாட்டியிருந்தது. தாண்டும்போது பின்னங்கால் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் முறுக்கிக்கொண்டிருந்தது.

அவர் நின்றார். கேமராவைக் கண்ணில் வைத்தார். மானின் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. அப்போதுதான் எழுந்த வெயில் அதன் காதுமடலுக்குள் புகுந்து நரம்பெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. அவர் எடுத்தார். மான் உதறியது, கம்பி அதிர்ந்து பனித்துளிகள் தெறித்தன. அதையும் எடுத்தார். வெளிச்சம் ஏற ஏற இடம் மாறி நின்று எடுத்தார். கடைசியில் மான் தலையைப் புல்லில் சாய்த்துவிட்டு அப்புறம் தூக்கவேயில்லை. லென்ஸுக்கு மூடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, மனைவி கொடுத்த டீயைக் குடித்தார். இதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

அன்று மத்தியானத்துக்கு மேல் மச்சினன் வந்தான். வெட்டிய துணிகளை ஒதுக்கிவிட்டுத் தையல் மேஜைமேல் லேப்டாப்பை வைத்து, புதுப் படங்களை ஏற்றினான். ஏற்றியவன் அப்படியே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். இந்த மாதிரி வெளிச்சம் ஆயுசில் ஒருதரம்தான் கிடைக்கும் என்றான். வெளிநாட்டுப் போட்டி ஒன்று இருக்கிறது, அனுப்பினால் கண்ணை மூடிக்கொண்டு பரிசு கொடுப்பார்கள் என்றான்.

மனைவி மெஷினை நிறுத்திவிட்டு வந்து, தம்பியின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். முதலிலிருந்து காட்டச் சொன்னாள். முதல் படத்தில் மானின் நிழல் நீளமாக விழுந்திருந்தது. படம் மாற மாற நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசிப் படத்தில் நிழல் மானுக்கு அடியிலேயே ஒடுங்கிக் கிடந்தது. தைக்கிற கை, அளவு பார்க்கிற கண். அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அவ்வளவு நேரமும் அங்கதான் நின்னீங்களா?"

"ஆமா."

"கட்டிங் பிளேயர் ஷெட்டுலதானே இருக்கு?"

"ஆமா."

"ஏன் போகல?"

அவர் யோசித்தார். தப்பிக்கிறதுக்காக இல்லை, உண்மையாகவே பதிலைத் தேடினார். "தெரியல. லென்ஸ் வழியாப் பாத்துட்டு இருந்தேன். அது எங்கயோ நடக்கிற மாதிரி இருந்துச்சு."

மச்சினன் லேப்டாப்பை மெதுவாக மூடினான். "விடுக்கா. மாமா வேணும்னா பண்ணாரு?" என்றான். அவள் காதில் வாங்கவில்லை. இப்போதும் அங்கேதான் கிடக்கிறதா என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

மூன்று பேருமாகப் போய் மானை எடுத்துப் புதைத்தார்கள். ஈர மண் என்பதால் குழி சீக்கிரம் வந்துவிட்டது. மச்சினன் கையைக் கழுவிக்கொண்டு, சாப்பிடக்கூட நிற்காமல் கிளம்பினான். கிளம்பும்போது, மாமனிடம் தயங்கித் தயங்கி, அந்தப் படத்தை என்ன செய்வது என்று கேட்டான்.

"அனுப்பாத மாப்ள."

"சரி மாமா. அக்காவுக்குப் பிடிக்கலேன்னா வேணாம்."

"அதுக்கில்ல. எனக்கு அது அழகா இருக்கு. இப்பவும். அதனாலதான் வேணாம்."

அவன் வண்டியைக் கிளப்பினான்.

அவர் சரிவுக்குத் திரும்பி வந்து பார்த்தால் மனைவி வேலியைப் பிடுங்கத் தொடங்கியிருந்தாள். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. அவர் பிளேயரை வாங்கிக்கொண்டு கம்பியை வெட்ட, அவள் சுருட்டினாள். இறுக்கி இழுத்துக் கட்டியிருந்த ஒரு கம்பி, வெட்டியதும் பாம்பு மாதிரி சீறித் திரும்பி அவர் உள்ளங்கையைக் கிழித்தது. அவர் பாட்டுக்கு அடுத்த கம்பிக்குப் போனார். புல்லில் சொட்டுச் சொட்டாக ரத்தம் கிடப்பதை அவள்தான் பார்த்தாள். அவர் கையைப் பிடித்து விரித்துப் பார்த்ததும், அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவளுக்கு உடைந்துகொண்டு வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவர் பக்கத்தில் நின்றார். அவளைப் பார்க்கும்போது, அந்த ஆம்புலன்ஸின் பின்பக்கத்துச் சத்தம் நினைவுக்கு வந்தது. நினைவுதான் வந்தது, வேறொன்றும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைத் தெரியாத ஆள் இல்லை. நர்ஸம்மா காயத்தைக் கழுவி, மரப்பு ஊசி போட்டு, பழைய கதைகளைப் பேசிக்கொண்டே தைத்தாள். மனைவி தள்ளி நிற்காமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் இன்னும் கொஞ்சம் நெருக்கமாகப் போடலாமே என்றுகூடச் சொன்னாள். நர்ஸம்மா சிரித்துவிட்டாள். அடுத்த குத்துக்கு அவர் விரல் சுண்டியதும், மரப்பு இன்னும் சரியாக ஏறவில்லையோ என்று நர்ஸம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. வலிக்கிறதா என்று கேட்டாள். அவர் பதில் மனைவியிடம் இருப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தார்.

"வலிக்குதுங்க," என்றாள் அவள். "அவருக்குச் சொல்லத் தெரியல."

நர்ஸம்மா இன்னொரு ஊசி போட்டாள். காசு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவைத்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவள் உட்கார்ந்தாள்.

இருட்டியதும் வானம் துடைத்த மாதிரி இருந்தது. பழக்கத்தில் அவர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். கட்டுப் போட்ட கையால் லென்ஸைத் திருக முடியவில்லை. சமையல் கட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள் இறங்கி வந்து, எதைத் திருகணும் என்று கேட்டாள். இத்தனை நாளில் அவள் அந்தக் கேமராவைத் தொட்டதில்லை. இடது பக்கம் மெதுவாக, நட்சத்திரம் ஊசிமுனை ஆகிறவரை என்று சொல்லிக்கொடுத்தார். அவள் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு திருகினாள். கொஞ்சம் தாண்டிப் போனாள், திரும்ப வந்தாள். அப்புறம், ஊசிக்குள் நூல் நுழைந்த மாதிரி ஒரு சின்ன மூச்சு விட்டாள்.

ஷட்டர் திறந்ததும் இருவரும் ஈரப் புல்லில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். அவர் மேலே பார்த்தார். எப்போதும்போல உள்ளே ஒன்றும் அசையவில்லை. பக்கத்தில் அவள் தோளைக் குறுக்கி, முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொள்வது தெரிந்தது. குளிருகிறதா என்று அவர் கேட்கவில்லை. எழுந்து, முக்காலியில் இடித்துவிடாமல் சுற்றிக்கொண்டு, போர்வை எடுக்க வீட்டுக்குள் போனார்.