ஊதா முடிக்காரன்

சீனாவின் தோங்குவானில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஹெட்ஃபோன் செய்தோம். காலையிலிருந்து ஒயர் நுனியைப் பற்றவைத்துக்கொண்டே இருப்பேன். பாட்டு கேட்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை ஸ்கேட்டிங் அரங்குக்குப் போக வேண்டும். கூரை அதிர டிஜே பாட்டு போடுவார்கள். சக்கரக் காலணியை மாட்டிக்கொண்டு, ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்தபடி ரயில் மாதிரி சுற்றுவோம். அந்த ரயிலுக்கு எஞ்சின் லாங்பின்தான்.

அவன் முடி ஊதா நிறம். உச்சியில் விசிறி போல விரிந்து நிற்கும், ஒரு கற்றை மட்டும் இறங்கி இடது கண்ணை மூடியிருக்கும். கண்ணைச் சுற்றிக் கறுப்பு மை. இப்படித் திரிந்த எங்களை ஊர் ‘ஷாமாத்தே’ என்றது. வசவுதான். நாங்கள் அதையே பெயராக வைத்துக்கொண்டோம். லாங்பின் ஒரு கூட்டம் சேர்த்திருந்தான், ‘ஒடிந்த சிறகுக் குடும்பம்’ என்று. எல்லாரும் அவனை அண்ணன் என்று கூப்பிட்டார்கள். எனக்கு மட்டும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

என்னை அவனிடம் இழுத்துக்கொண்டு போனவள் என் அறைத்தோழி சாய்யே.

“அண்ணே, இவ ஹுய்லான். எங்க லைன்ல வந்து ஒரு வருஷம் ஆச்சு. சூப்பர்வைசருக்கு இன்னும் இவ பேரு தெரியாது.”

“தெரிய வெச்சுடலாம். என்ன கலர் வேணும்?”

“செவப்பு,” என்றேன்.

“என்ன செவப்பு? தக்காளியா, சேவல் கொண்டையா?”

“கொண்டை.”

அவன் வாடகை அறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார வைத்து, முடியைக் கற்றை கற்றையாகப் பின்னோக்கிச் சீவி, ஸ்ப்ரே அடித்து நிறுத்தினான். “ஆடாத. கட்டடம் சாஞ்சிடும்” என்று என் தாடையைப் பிடித்துக்கொண்டான். அவன் விரலெல்லாம் சாயம். மறுநாள் சூப்பர்வைசர் என் முன்னால் நின்று, முதல் தடவையாக என் பெயரைக் கேட்டார். அன்று முழுக்க சாய்யேவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அதன்பின் ஞாயிறு தவறாமல் அவன் என் முடியைச் சரிசெய்தான். சரியாக இருந்தாலும் சரிசெய்தான். ஒரு நாள் அவனே சொன்னான்.

“பதினாலு வயசுல இங்க வந்தேன். பஸ்ஸ விட்டு எறங்கின அன்னிக்கே பைய புடுங்கிட்டானுங்க. பாலத்துக்கு அடியில படுத்திருந்தேன். போறவன் வர்றவன்லாம் எட்டி ஒதப்பான். முடிய இப்படி ஆக்குனதுக்கப்புறம் ஒருத்தனும் கிட்ட வரல. கெட்ட பையன்னு நெனச்சுக்கறாங்க.”

“நீயா கெட்ட பையன்? கரப்பான்பூச்சிக்கே பயப்படற.”

“சத்தமா சொல்லாத, குடும்பம் கலைஞ்சிடும்.”

அவனுடைய அப்பா அம்மா அவனுக்கு விவரம் தெரிவதற்கு முன்பே கடற்கரை ஊர் ஒன்றுக்குத் தையல் வேலைக்குப் போய்விட்டவர்கள். புத்தாண்டுக்கு வருவார்கள், சில வருஷம் அதுவும் இல்லை. அவனுக்குக் குய்சோ மலைப்பக்கம் ஒரு சின்ன ஊர். பஸ் நிலையத்துக்கு எதிரில் மாமா பைக் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், உன்னைக் கட்டிக்கொண்டு அங்கேதான் போவேன், ஒரு பக்கம் பைக், ஒரு பக்கம் முடி என்பான். நான் பைக் பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன் என்பேன்.

அக்டோபர் விடுமுறையில் குடும்பம் மொத்தமும் பூங்காவில் கூடினோம். போன்களில் ஒரே பாட்டைப் போட்டு, மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டோம். வெயில் தாழ்ந்ததும் மற்றவர்கள் அரங்குக்குப் போக, நானும் லாங்பின்னும் தெருக்கடையில் நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்தோம். பக்கத்து மேசையில் நாலைந்து பேர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“டேய் சேவல், கூவு பாக்கலாம்.”

லாங்பின் தலையைக் குனிந்து சாப்பிட்டான். எனக்கும் கண்ணைக் காட்டினான், பேசாதே என்று.

“காது கேக்கலையாடா? பெட்டக்கோழியாவது கூவுமா?”

அப்போது அவன் எழுந்தான். “அவள விட்டுடுங்க அண்ணே, நாங்க போயிடறோம்” என்றான். அவ்வளவுதான் சொன்னான். இரண்டு பேர் அவன் கழுத்தைப் பிடித்து மேசையோடு அழுத்தினார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தான். இன்னொருவன் லைட்டரை எடுத்தான். சும்மா மிரட்டத்தான் நினைத்திருப்பானோ என்னவோ. முடி முழுக்க ஸ்ப்ரே. குப்பென்று பிடித்துக்கொண்டது. கையில் கிடைத்தது தேநீர் ஜாடி. ஆறிப்போயிருந்தது. அப்படியே அவன் தலையில் கவிழ்த்தேன். புகையும் நாற்றமுமாக இருந்தது. அவர்கள் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தார்கள். கடைக்காரர் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவனுக்குக் காதோரம் தோல் வெந்துவிட்டது. மிச்ச முடியை ஒரு சலூனில் மழித்தோம். லாங்பின் கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

அந்த வீடியோ இரண்டே நாளில் எங்கள் உணவுக்கூடத்துக்கு வந்துவிட்டது. தட்டை வைத்துக்கொண்டு பார்த்துச் சிரித்தார்கள். குடும்பத்தில் ஒவ்வொருவராக முடியை வெட்டினார்கள். “பயமா இருக்கு ஹுய்லான்,” என்று சாய்யேவும் வெட்டிக்கொண்டாள். லாங்பின் குழுவைக் கலைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பினான்.

“புத்தாண்டு முடிஞ்சதும் வந்துடறேன். முடியும் கொஞ்சம் வளந்துடும்.”

புத்தாண்டு முடிந்தது. அவன் வரவில்லை. அவன் போன் அணைந்து கிடந்தது.

வசந்தத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு நானே பஸ் ஏறினேன். அந்த ஊர் பஸ் நிலையக் கழிப்பறையில் நின்று, அவன் செய்வது போலவே முடியைச் சீவி நிறுத்தினேன். அவனுக்குப் பிடிக்கும் என்று செய்தேன். எதிரிலேயே கடை இருந்தது. தொப்பி போட்டுக்கொண்டு ஒருவன் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். பின்னால் ஒரு அம்மாள் முதுகைக் காட்டியபடி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் நிமிர்ந்தான், லாங்பின்தான். முகத்தில் ஒரு நொடி சந்தோஷம் வந்தது, சத்தியமாக வந்தது. உடனே அது போய்விட்டது.

“யாருங்க நீங்க? யாரத் தேடறீங்க?” என்றான்.

அவன் வாயிலிருந்து அந்த ‘நீங்க’வை நான் கேட்டதே இல்லை. “கட தெரியாம வந்துட்டேன்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தபோது அவன் ஓடிவந்தான். மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் என் முடியையே பார்த்தான்.

“நல்லா நிறுத்தியிருக்க.”

“அது உங்கம்மாவா?”

“ஆமா. வேலைய விட்டுட்டு இங்கயே வந்துட்டாங்க. இனிமே போக மாட்டாங்களாம். தெனமும் சமைச்சுப் போடறாங்க.” தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டான். “அந்த வீடியோவ அவங்களும் பாத்துட்டாங்க ஹுய்லான். பக்கத்து வீட்டுப் பொண்ணு போன்ல காட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அம்மாவும் சிரிச்சாங்க. எந்த வீட்டுப் புள்ளையோ, தறுதலைன்னாங்க.”

“உன்னத் தெரியலையா?”

“மேசைல கவுந்து கெடந்தேன், ஒரே பொக. எப்படித் தெரியும்? பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். நானும் சிரிச்சேன்.”

 காதோரத் தழும்பு பற்றி வீட்டில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். வென்னீர் கொட்டியது என்று சொன்னானாம்.

“நான் முடிய வெட்டிடறேன்,” என்றேன். “கறுப்பாக்கிடறேன். யாருக்கும் தெரியாது.”

அவன் தலையை ஆட்டினான். “வீடியோல உன் மூஞ்சி தெளிவாத் தெரியுது. ஜாடிய எடுக்கறப்போ நேரா பாக்கற. அம்மா அதயே சொன்னாங்க, அந்தப் பொண்ணாவது தண்ணி ஊத்துச்சேன்னு. உன்னப் பாத்தா நான் யாருன்னு தெரிஞ்சுடும்.”

“தெரிஞ்சா என்னடா? உன்னப் பெத்தவங்கதான?”

“பெத்தவங்க இப்பத்தான் வந்திருக்காங்க,” என்றான்.

 பஸ்ஸுக்கு அவித்த முட்டை வாங்கித் தந்தான். ஏறும்போது கையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். டிரைவர் அவனுக்குத் தெரிந்தவர் போல, “என்னப்பா, சொந்தமா?” என்று கேட்டார். “இல்லண்ணே, வழி கேட்டாங்க,” என்றான். பஸ் நகர்ந்ததும் பார்த்தேன். தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தான். கறுப்பு முடி ஒட்ட வெட்டியிருந்தது, பள்ளிக்கூடப் பையன் மாதிரி.

தோங்குவானுக்குத் திரும்பி, விடுதித் தொட்டியில் தலையைக் கவிழ்த்தேன். சாய்யே கறுப்புச் சாயம் பூசிக் கழுவிவிட்டாள்.

“அண்ணனப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“எப்படி இருக்கு?”

“அம்மாகூட இருக்கு,” என்றேன்.

 சிவப்பு போகப் போக, அவள் ஜாடி ஜாடியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வருஷம் அவனுக்குக் கல்யாணம் ஆனது. அவன் ஊர்க்காரி ஒருத்தி எங்கள் லைனில் சேர்ந்திருந்தாள், அவள் சொன்னாள். பெண் நல்ல பெண்ணாம், கடைக்கும் வந்து உட்காருகிறாளாம். நான் சரி என்றேன். பற்றவைத்துக்கொண்டிருந்த ஒயர் நுனி கருகியிருந்தது. அதை வெட்டிப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தேன்.