தொவாதெர் கையில் வர்த்தி இல்லை

சவேதா அத்தை செத்தவரின் விரல்களைப் பிரித்து மெழுகுவர்த்தியைச் செருகப் பார்த்தாள். அது நிற்காமல் சாய்ந்தது. பரஸ்கீவா அதை உருவி மேசைமேல் வைத்தாள்.

"விடுங்க அத்தை. உசிரு இருக்கும்போது இல்லாதது இப்ப எதுக்கு?"

சாகிறவர் கையில் எரிகிற வர்த்தி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த உயிர் மறுமையில் இருட்டில் வழி தடவும். அந்தச் சுரங்க ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. வர்த்தி தலைமாட்டிலேயே இருந்தது, தீப்பெட்டியும் இருந்தது. ஆனால் உயிர் போகும்போது அப்பா தொவாதெர் பரஸ்கீவாவின் கையை இறுகப் பிடித்திருந்தார். வர்த்தியை ஏற்ற வேண்டுமானால் அந்தக் கையை விட வேண்டும். அவள் விடவில்லை.

அத்தைக்கு அவர் ஒரே அண்ணன். ஊர் வாயில் விழுவதைவிட, அவர் இருட்டில் நிற்பார் என்றுதான் அவள் பயந்தாள். ஏற்றினோம் என்று பாதிரியாரிடம் சொல்லிவிடலாம் என்று கெஞ்சினாள். அடக்கத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க வேகவைத்த கோதுமை அடுப்பில் அடிப்பிடித்ததை யாரும் கவனிக்கவில்லை.

பரஸ்கீவா சிறுமியாக இருந்தபோது சுரங்கம் சரிந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட அப்பாவின் பக்கத்தில் கூட்டாளி கிரிகோரே கல்லுக்கடியில் கிடந்தார். விளக்கும் அணைந்துவிட்டது. அவர் கை குளிர்ந்துபோகும்வரை அப்பா பிடித்திருந்தார். வர்த்தி இல்லாமல் போனாரே என்று கிரிகோரேயின் மனைவி பிறகு தலையிலடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அப்பா கோயிலில் வர்த்தி ஏற்றியதில்லை.

"கடவுள் வெளிச்சம்ங்கிறாங்க. நான் பாத்த கடவுள் இருட்டுலதான் இருந்தாரு, எங்க ரெண்டு கைக்கும் நடுவுல" என்பார்.

பாதிரியார் இலாரியோன் வந்ததும், கையில் வெளிச்சம் இருந்ததா என்று வழக்கப்படி கேட்டார். அத்தை வாய் திறப்பதற்குள் பரஸ்கீவா முந்திக்கொண்டாள்.

"இல்ல சாமி. என் கை இருந்துச்சு."

அவர் தாடியைத் தடவினார். அப்படியானால் இந்தக் குறைக்குக் குழியருகே தனியாக மன்னிப்புக்காக மன்றாட வேண்டும் என்றார்.

"மத்த பாவத்துக்கெல்லாம் கேளுங்க, நிறைய இருக்கு. இதுக்கு மட்டும் கேக்காதீங்க. கேட்டா அங்கேயே எல்லார் முன்னாலயும் மறுத்துச் சொல்லுவேன். எங்கப்பா இருட்டுல போகல."

பாதிரியார் செபத்தைத் தொடங்கினார்.

செபம் முடியும்வரை அத்தை யாரையும் பார்க்கவில்லை. முடிந்ததும் மேசைமேல் கிடந்த வர்த்தியை எடுத்தாள். தடுப்பதற்காகப் பரஸ்கீவா எழுந்தாள். அத்தை அதைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, கட்டிலருகே நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, அண்ணன் கையைப் பிடித்தாள்.

"ஜில்லுன்னு இருக்கு" என்று இரண்டு கைகளாலும் தேய்க்கத் தொடங்கினாள்.