உப்புப் பாத்திக்குத் தண்ணீர் விட்டவர்

சவரியாருக்கு ஒரு வியாதி உண்டு. காய்ந்து கிடக்கும் வயலைப் பார்த்தால் கை பரபரக்கும். யாருடைய வயலாக இருந்தாலும் சரி. ஏலாக்குறிச்சியிலிருந்து அரியலூருக்கு பஸ்ஸில் போகும்போது வழியில் ஒரு கடலைக் கொல்லை வாடி நின்றால் போதும், "இந்தக் கொல்லைக்காரன் எங்க போயித் தொலைஞ்சான்?" என்று பக்கத்து சீட்டுக்காரரைப் பிடித்துக்கொள்வார். பக்கத்து ஊர்ப் பங்காளி ஒருவர் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில், அவருடைய கொல்லைக்கும் மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்த மனிதர். முந்தின நாள்தான் அந்தப் பங்காளியே தண்ணீர் கட்டியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்பேர்ப்பட்டவரைத்தான் மருமகள் சுகன்யா உப்பளத்துக்குத் துணையாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

சுகன்யா வேதாரண்யம் பக்கத்துப் பெண். சவரியாரின் மகன் அருள் பிரகாஷ் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தான். அவளுடைய அப்பா பெரியசாமிக்குக் கடலோரத்தில் ஓர் உப்பளம் இருக்கிறது. பழைய முறை உப்பளம். மோட்டார் கிடையாது, தரையில் பிளாஸ்டிக் விரிப்பு கிடையாது. களிமண் தரையைக் காலால் மிதித்து இறுக்கி, கடல் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, மற்றதை வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டுவிடுவார்கள். உப்பு கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் அந்த மண்ணுக்கு ஒரு கெடுதலும் வராது. கொக்கும் நாரையும் பாத்திகளுக்கு நடுவே சொந்த வீடு மாதிரி நடந்து திரியும்.

இந்த வருஷம் பெரியசாமிக்கு முழங்காலில் ஆபரேஷன். ஏற்கெனவே இறால் குட்டை போடும் ஒருவர் அளத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கொடுத்துவிடலாம் என்று பெரியசாமி முடிவுக்கு வந்த அன்று, சுகன்யா போனில் சண்டை போட்டாள். வீடு முழுக்கக் கேட்டது.

"சரி, ஒரு தடவ நீயே உப்பு வாரிக் காட்டு," என்றார் பெரியசாமி. "ஒழுங்கா வந்துச்சுன்னா அளம் ஒன்னோடது. இல்லன்னா எறாக் குட்டைக்காரருக்கு விட்டுடுவேன். அப்புறம் அழக் கூடாது."

போனை வைத்ததும் அழத்தான் செய்தாள். அருள் பிரகாஷ் பள்ளிக்கூட வாத்தியார், பரீட்சை நேரத்தில் லீவு கிடைக்காது. சவரியார் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"நான் வரேன் தாயி."

"நீங்க அங்க போயி என்னத்தக் கிழிக்கப் போறீங்க?" என்றாள் அவர் மனைவி தெரசம்மாள்.

"மண்ணு எல்லா ஊர்லயும் மண்ணுதான். நீ நம்ம கொல்லையப் பாத்துக்க."

போனவர் சும்மா இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். களிமண்ணை மிதிப்பதில் மருமகளையே மிஞ்சினார். சேற்றில் பிறந்து வளர்ந்த கால் அது. இருவருமாக மிதித்து, கட்டாந்தரைபோல இறுக்கினார்கள். கடல் தண்ணீர் முதல் பாத்தியில் சுண்டி, அடுத்ததற்கு நகர்ந்து, கடைசிப் பாத்திக்கு வரும்போது எண்ணெய்போலக் கனத்திருந்தது. மேலே மெல்லிய வெள்ளைப் படலம் கட்டியது. சுகன்யா அதைப் பார்க்கும் பார்வையைப் பார்த்து, பிள்ளை பெற்றவள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று சவரியார் நினைத்துக்கொண்டார். அவருக்கு அவள்மேல் பிரியம் பொங்கியது. மகனைவிட இவள்மேல்தான் தனக்குப் பாசம் கூடுதலோ என்று ஒரு சந்தேகமே வந்துவிட்டது.

"நாளைக்குக் காலையில வாரிடலாம் மாமா. அப்பாவையும் ஆளுங்களையும் கூட்டிட்டு வந்துடறேன். நீங்க அளத்துக் கொட்டகையிலயே படுத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு அவள் ஊருக்குள் போனாள்.

விடிந்ததும் சவரியார் பாத்தியைப் பார்த்தார். தண்ணீர் ஒட்ட வற்றிக் கிடந்தது. வரப்போரம் மண் வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஐயோ, புள்ள அலைச்சல்ல தண்ணி விட மறந்துட்டாளே! அவருக்கு வேறு யோசனையே ஓடவில்லை. மண்வெட்டியை எடுத்து வாய்க்காலின் அடைப்பை வெட்டிவிட்டார். கடல் தண்ணீர் குளுகுளுவென்று பாய்ந்து பாத்தியை நிரப்பியது. வெடிப்பெல்லாம் மூடிய பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது. வரப்பில் உட்கார்ந்து நிம்மதியாக வெற்றிலை போட்டார்.

சுகன்யா ஆட்டோவிலிருந்து இறங்கி முன்னால் ஓடி வந்தாள். பாத்தியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"மாமா, யாரு தொறந்தா?"

"நான்தான் தாயி. பாவம், காஞ்சு கெடந்துச்சு," என்றார் பெருமையாக.

அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள். கட்டியிருந்த உப்பெல்லாம் புதுத் தண்ணீரில் கரைந்து போயிருந்தது. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் சவரியாருக்கு விளங்கியது. இங்கே காய்வதுதான் விளைச்சல். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

கம்பை ஊன்றிக்கொண்டு பெரியசாமி வந்தார். பாத்தியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

சுகன்யா சட்டென்று எழுந்தாள். "நான்தான்ப்பா. அடைப்பச் சரியாப் போடாம வந்துட்டேன்."

"பொய் சம்மந்தி!" சவரியாரின் குரல் உடைந்தது. "என்னயக் காப்பாத்தச் சொல்லுது புள்ள. நான்தான் வெட்டி விட்டேன். காயுற பாத்தியப் பாத்துட்டு மனசு கேக்கல. எங்க மருமவ வச்ச பயிராச்சேன்னு..."

"பயிரா?" என்றார் பெரியசாமி.

"ஆமாங்க. வேற என்ன?"

பெரியசாமி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். பார்த்தால், மனிதர் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எறாக் குட்டைக்காரரு எத்தனையோ தடவ வந்தாரு சம்மந்தி. லாரி வருமா, கரண்டு வருமான்னுதான் கேட்டாரு. ஒரு நாளும் பாத்தியக் குனிஞ்சு பாக்கல. நீங்க தண்ணியே விட்டுட்டீங்க!" கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்தித் தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு எங்கயும் ஓடிடல. இதுக்குள்ளதான் கெடக்கு. நல்ல வெயிலு அடிச்சா திரும்பக் கட்டிக்கும். சுகன்யா, அதுவரைக்கும் பொறுக்கிறேன். மழை மட்டும் விழுந்துச்சு, அவ்வளவுதான். இன்னொரு தடவ என்னால தாங்க முடியாது."

அன்றிலிருந்து சவரியாருக்குத் தூக்கம் போயிற்று. மண்வெட்டியைத் தொடுவதில்லை. வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் மேற்கே மழைக் கருக்கல் கட்டியது. கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று, தங்கள் ஊர்க் கோயில் அடைக்கல மாதாவிடம் அவர் வேண்டிக்கொண்டது என்ன என்று கேட்டால் ஏலாக்குறிச்சியே சிரிக்கும். ஒரு சொட்டும் வேண்டாம் தாயே என்றார். பிறந்ததிலிருந்து ஒருநாளும் அவர் வாயில் வராத வார்த்தை அது.

மேகம் கலைந்து போனது. அதற்குப் பிறகு அடித்த வெயிலில் பாத்தி மறுபடி வெளுத்தது. வரப்போரம் மண் வெடித்தபோது சவரியார் கையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றார்.

உப்பு வாரிய அன்று, சுகன்யா பலகையால் இழுக்க இழுக்க, கரையில் குவியல் ஏறியது. பெரியசாமி ஓர் உப்புக் கல்லை எடுத்து வாயில் போட்டு மென்றார். பிறகு போனை எடுத்து இறால் குட்டைக்காரரைக் கூப்பிட்டு, "அளம் எம் மகளுக்குங்க, இனிமே கேக்காதீங்க," என்றார். சுகன்யா உப்புக் கையோடு ஓடி வந்து மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து தெரசம்மாள் போன் செய்தாள்.

"என்னங்க, அன்னைக்குச் சாயங்காலம் இங்கயும் அவ்வளவு மேகம் கூடுச்சு, ஒரு பொட்டு விழாமப் போயிடுச்சு. மோட்டாருலயும் தண்ணி ஏறல. நம்ம கடலை காயுதுங்க. பாக்கச் சகிக்கல."

சவரியார் உப்புக் குவியலைப் பார்த்தார். பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ளும் மருமகளைப் பார்த்தார்.

"காயட்டும் விடு, தெரசா."

தெரசம்மாள் பயந்துபோய்க் கேட்டாள்: "போன்ல யாருங்க பேசுறது?"