சின்ன அயனே போதும்

தோல் மண்டியில் எடை போடுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் கையில் தூக்கிப் பார்க்காமல் விடமாட்டார்கள். பேகம்பூர் மைதீன் பிச்சைக்கு அது முற்றிப்போயிருந்தது. பூட்டோ பூசணிக்காயோ, கைக்குக் கனமாக இருந்தால் நல்ல சாமான், லேசாக இருந்தால் ஏமாற்று வேலை. பன்னிரண்டு வருஷமாக உப்புத்தோலைத் தூக்கிப் பழகிய கை அது.

வெள்ளிக்கிழமை மண்டி லீவு. அன்றைக்கு அவருக்கு ரேடியோதான் உலகம். அடுப்புக்கரியில் காய்ச்சிய செம்புக்கட்டையால் ஈயம் வைத்து, வால்வு ரேடியோ மூன்று செய்து ஓடவிட்டிருந்தார். அதெல்லாம் ஆசைக்குச் செய்தது. இப்போது செய்யப்போவது ஆசைக்கு அல்ல.

அவர் மனைவி பக்ருன்னிசாவுக்குப் பிள்ளை பிறந்த மூன்றாம் மாசம் காசநோய் வந்தது. ஊசி ஊசியாகப் போட்டார்கள். உயிர் மிஞ்சியது, காது போய்விட்டது. இடது காது சுத்தமாக இல்லை. வலது காதுப் பக்கம் கத்தினால் கொஞ்சம் விழும். மற்றதெல்லாம் எதிராளியின் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். மிச்சமிருக்கும் காதும் எத்தனை நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றுவிட்டார் டாக்டர். பிள்ளை ஜெய்தூனுக்கு இப்போது இரண்டு வயசு. “ம்மா” என்று கூப்பிட ஆரம்பித்து நாலு மாசமாகிறது. அதை அவள் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. பிள்ளையின் உதடு ஒட்டிப் பிரிவதைப் பார்த்து, “என்னையத்தானே கூப்பிடுறா?” என்று பிச்சையிடம் கேட்பாள். “ஆமா” என்று அவள் வலது காதுப் பக்கம் கத்துவார் அவர்.

பினாங்கில் ரேடியோ கடையில் இருந்த அவள் அண்ணன் அப்பாஸ், ஊருக்கு வந்த ஓர் ஆளிடம் பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொடுத்தனுப்பினான். உள்ளே பஞ்சில் பொதிந்த மூன்று டிரான்சிஸ்டர், சின்ன மைக், காதில் வைக்கும் குமிழ், காது மெஷின் செய்வதற்கான படம். கூடவே ஒரு கடிதம். ‘கடையை மூடிவிட்டார்கள் மச்சான். இனிமேல் அனுப்ப வழியில்லை. டிரான்சிஸ்டருக்குச் சூடு ஆகவே ஆகாது. பார்த்துச் செய்யுங்கள்.’

கரிச்சூட்டில் காய்ச்சிய கட்டை இதற்கு உதவாது, கரண்டில் காய்கிற சால்டரிங் அயன் வேண்டும். சௌகத் அலியின் ரேடியோ கடைக்குப் பிள்ளையோடு மூன்று பேருமாகப் போனார்கள்.

சௌகத் அலி இரண்டு அயனை எடுத்து வைத்தான். ஒன்று மரக்கைப்பிடி போட்டது, முனை கட்டைவிரல் தடிமன். இன்னொன்று பென்சில் அளவு. பிச்சை வழக்கம்போல இரண்டையும் தூக்கிப் பார்த்தார். சின்னது கையில் இருப்பதே தெரியவில்லை.

“ஏங்க, சின்னதே போதும்ங்க!” என்றாள் பக்ருன்னிசா பின்னாலிருந்து. “அண்ணன் அனுப்புனதுல கம்பி தலைமுடியாட்டம்ல இருக்கு! இம்புட்டுத் தடியை வச்சு எப்படித் தொடுவீங்க?”

தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காததால், அது எவ்வளவு பெரிசாக வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. யாரும் சொன்னதும் இல்லை. எதிர்ச்சாரி டீக்கடையில் நின்றவர்கள் வரைக்கும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தே விட்டான். அவள் அதையெல்லாம் கவனிக்கவில்லை, அவள் கண் சின்ன அயன் மேலேயே இருந்தது.

பிச்சைக்கு முகம் தீயாய்க் காந்தியது. காதில் விழாதவர் மாதிரி நின்றார், திரும்பவே இல்லை.

“மதினி சொல்றதும் சரியாத்தாண்ணே இருக்கு” என்றான் சௌகத் அலி.

“பெரிசையே கட்டுப்பா. போகணும்.”

அந்த இடத்தைவிட்டு நகர்ந்தால் போதும் என்றிருந்தது அவருக்கு. கனம் பார்த்து வாங்கியதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்ததும் உட்கார்ந்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. டிரான்சிஸ்டரின் கால்களை நீளமாகவே விட்டு, ஒவ்வொன்றையும் மூக்குக்குறடால் கவ்விப் பிடித்து, சூடு மேலேறாமல் ஈயம் வைத்தார். சாயங்கால அஸர் தொழுகைக்குள் முடிந்தது. பேட்டரியை மாட்டி, குமிழை அவள் வலது காதில் வைத்து, மைக்கில் மெதுவாகப் பேசினார்.

“கேக்குதாம்மா?”

அவள் அவர் வாயைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. “உங்க குரலு மாறிப்போச்சுங்க” என்றாள்.

பிச்சை சட்டென்று எழுந்தார். தூளியில் தூங்கும் பிள்ளையை எழுப்பப் போனார். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேணாங்க. தானா எந்திரிச்சுக் கூப்பிடட்டும். செத்த நேரந்தானே.”

ஆனால் அவளாலேயே பொறுக்க முடியவில்லை. மெஷினைக் கையில் பிடித்தபடி எழுந்துபோய்த் தூளியை விலக்கிக் குனிந்தாள். காதிலிருந்து வந்த வயர் தூளிக்கயிற்றில் மாட்டி இழுத்தது. டிரான்சிஸ்டரின் ஒரு கால் அடிப்பக்கம் ஒடிந்தது. அரிசி நீளம்தான் மிச்சம்.

பிச்சை அதைக் கையில் வைத்துப் பார்த்தார். குறடால் கவ்வ இடமில்லை. அந்தத் தடிமுனையைக் கிட்டே கொண்டுபோனால் டிரான்சிஸ்டரின் உடம்பிலேயே படும். சின்ன அயன் என்றால் நுனியால் தொட்டு எடுத்துவிடலாம். சௌகத் அலி கடை பத்து நிமிஷ நடை, திறந்துதான் இருக்கும். போய்க் கேட்டால், “அன்னிக்கே மதினி சொன்னாங்களேண்ணே” என்பான், நாலு பேர் இருப்பார்கள். இதையெல்லாம் யோசித்தார், மனுஷன். யோசித்துவிட்டு அந்தத் தடி அயனையே எடுத்தார்.

ஒட்டிவிட்டது. ஒட்டியதில் குறையே இல்லை. ஆனால் பேட்டரியை மாட்டியபோது குமிழில் மூச்சில்லை. தட்டினார், திருப்பினார், மீட்டர் வைத்துப் பார்த்தார். டிரான்சிஸ்டர் வெந்துபோயிருந்தது.

அவர் மீட்டரை ஒதுக்கி வைத்ததைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தக் கனத்த அயனைக் கொஞ்சநேரம் பார்த்தாள். அப்புறம் அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

“அன்னிக்குக் கடையில சின்னதை வாங்கச் சொன்னேனே. உங்களுக்குக் கேக்கலையா? எங்குரலு வெளியில வரலையா?”

கேட்டது என்று சொல்லலாம். ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்பாள். டீக்கடையில் சிரித்ததையும் சொல்ல வேண்டிவரும். மைதீன் பிச்சை தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். வரவில்லை.

அவள் நம்பிவிட்டாள். அவர் முழங்காலில் கை வைத்து, ஆறுதல் சொல்கிறவளைப்போல, “அப்ப எம்மேலதாங்க தப்பு. இனிமே நல்லாச் சத்தமாச் சொல்றேன்!” என்றாள்.

உள்ள தெம்பையெல்லாம் கூட்டி அவள் சொன்னதில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தூளிக்குள் பிள்ளை திடுக்கிட்டு விழித்து, “ம்மா, ம்மா” என்று அழுதது.

பக்ருன்னிசா திரும்பவில்லை. இப்போது சரியாகக் கேட்டதா என்று பிச்சையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.