இரண்டடி குறைந்த மலை

ஸ்காட்லாந்தில் மலையாகப் பிறந்தால் மூவாயிரம் அடிக்கு மேல் பிறக்க வேண்டும். அதற்குப் பெயர் மன்றோ. ஊரே திரண்டு வந்து ஏறும், அடிவாரத்தில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மூவாயிரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவை கார்பெட். பெரிய மலைக்கு உயரம் இருந்தால் போதும், பக்கத்து மலையோடு ஒட்டிக்கொண்டு நின்றாலும் பார்த்துச் சேர்த்துக்கொள்வார்கள். கெடுபிடி எல்லாம் நடுத்தர மலைக்குத்தான். அதன் உச்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஐந்நூறு அடியாவது இறங்கிய பிறகுதான் அதைவிட உயரமான மலையில் ஏற முடிய வேண்டும். தனியாக நிற்கிறேன் என்று அது நிரூபிக்க வேண்டும். இல்லையென்றால் அது பக்கத்து மலையின் தோள்பட்டை, அவ்வளவுதான்.

அந்த ஐந்நூறு அடி சரியாக இருக்கிறதா என்று அளப்பது எனக்கும் என் நண்பன் டார்க்விலுக்கும் பொழுதுபோக்கு. யாரும் எங்களை நியமிக்கவில்லை, யாரும் நன்றியும் சொல்வதில்லை. செயற்கைக்கோளைப் பார்த்து அளக்கும் கருவி ஒன்றை இருவரும் சேர்ந்து வாங்கினோம். சனிக்கிழமைகளில் அதை உச்சியில் ஒரு முறை, பக்கத்து மலையோடு சேரும் தாழ்வான கணவாயில் ஒரு முறை நட்டுவைத்துவிட்டு மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். எங்கள் அளவால் இரண்டு மலைகள் கார்பெட் பட்டியலிலிருந்து போயிருக்கின்றன. அவற்றில் ஒன்று எங்கள் தோழி எஃபிக்குப் பிடித்த மலை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. மலையேறும் கிளப்பில் எனக்கு 'மலைக்கொல்லி மர்டோ' என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

எஃபி ஃபோர்ட் வில்லியமில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மன்றோக்களைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். "அது எல்லாரும் போற கல்யாணம், எனக்கு எதுக்கு?" என்பாள். இருநூற்றுச் சொச்சம் கார்பெட்களையும் ஒவ்வொன்றாக ஏறி முடித்து, ஒன்றே ஒன்றைப் பாக்கி வைத்திருந்தாள். அதன் பெயர் மீல் ட்ரோஸ்க். அவள் கணவன் லாக்லன் ஒரு மலையும் ஏறியவனில்லை. அவளைக் காரில் கொண்டுவந்து அடிவாரத்தில் இறக்கிவிட்டு, செய்தித்தாளும் ஒரு குடுவை சூப்புமாக, அவள் இறங்கி வரும் வரைக்கும் காரிலேயே உட்கார்ந்திருப்பான். "கடைசி மலைக்கு மட்டும் நான் வர்றேன், வாக்கு" என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தான். போன ஜனவரியில், அடுக்களையில் நின்றபடியே மாரடைப்பு. போய்விட்டான்.

மீல் ட்ரோஸ்க்கை முடித்துவிட வேண்டும், லாக்லனுக்காகவாவது முடித்துவிட வேண்டும் என்பது எஃபிக்குப் பிடிவாதமாகிவிட்டது. மூட்டு மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்லியும் கேட்கவில்லை. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமையைக் குறித்தாள். கடைசி மலை என்றால் இங்கே அது திருவிழா. நண்பர்கள் முன்னால் ஏறிப்போய் உச்சியில் ஊன்றுகோல்களைக் குறுக்கே பிடித்துத் தோரணம் கட்டி நிற்பார்கள். அதன் கீழே குனிந்து போய் உச்சிக் கல்லைத் தொட வேண்டும். அப்புறம் கேக், விஸ்கி, எல்லோரும் வரிசையாகக் கைகுலுக்குவார்கள்.

அந்த மலையின் கணவாய் மேல் எங்களுக்கு வெகுநாளாகச் சந்தேகம். ஆகஸ்டில் போய் அளந்துவிட்டு வந்தோம். கணக்குப் போட்டு முடித்த டார்க்வில் திருவிழாவுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை எனக்குப் போன் செய்தான்.

"நானூத்தித் தொண்ணூத்தெட்டுடா. ரெண்டடி குறையுது."

"சரியாப் பாத்தியா?"

"மூணு தடவை பாத்துட்டேன். எஃபிகிட்ட சொல்லிடு."

"நாளைக்குப் பதினஞ்சு பேர் வர்றாங்க. நீ வேற பேக்பைப் வாசிக்கப் போற. இப்பப் போய் 'இது மலையே இல்ல'ன்னு சொல்லவா?"

"நீதானே மலைக்கொல்லி. உனக்குப் புதுசா?"

நான் சொல்லவில்லை. திருவிழா முடியட்டும், திங்கட்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவள் திட்டுவாள், இன்னொரு குளிர்காலம் பேச மாட்டாள். தாங்கிக்கொள்ளலாம்.

காலையில் மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். டார்க்வில் தன் பேக்பைப்பை, தோல்பையும் ஊதுகுழல்களுமாக, முதுகில் கட்டிக்கொண்டு போனான். எஃபியோடு மெதுவாக நடக்க நான் பின்தங்கினேன். சதுப்பில் பூட்ஸ் புதைந்து புதைந்து எழுந்தது. பெண் மான்களை அதட்டி ஏதோ ஒரு கலைமான் தூரத்தில் கத்திக்கொண்டிருந்தது.

"இந்தச் சேத்தைப் பாத்திருந்தா லாக்லன் அங்கயே திரும்பியிருப்பான்," என்றாள் எஃபி. "போன அக்டோபர்ல பென் ஊலிக் ஏறுனப்பவே என்ன புலம்பல்ங்கற!"

நான் நின்றுவிட்டேன். "லாக்லன் பென் ஊலிக் ஏறினானா?"

"உங்ககிட்ட எல்லாம் சொல்லக் கூடாதுன்னான், சிரிப்பீங்கன்னு. கடைசி மலைக்கு ஒத்திகையாம். பத்தடிக்கு ஒரு தடவை உக்காந்தான். பாட்டி மாதிரி மூச்சு வாங்குது, வாய் மட்டும் ஓயல."

பென் ஊலிக் அவள் இதற்கு முன் கடைசியாக ஏறிய மலை. அதற்குப் பிறகு அவள் பட்டியலில் மீல் ட்ரோஸ்க் மட்டும்தான் மிச்சம். அதுவரை என் பைக்குள் இருந்தது வெறும் ஒரு எண், இரண்டடி. இப்போது அது வேறு ஏதோவாகிவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, கோழைத்தனம்தான்.

கணவாய்க்கு வந்து சேர்ந்தபோது எஃபியின் முழங்கால் மடங்கிக்கொண்டது. ஒரு கல்லில் உட்கார வைத்தேன். எழப் பார்த்தாள், முடியவில்லை. இன்னொரு முறை பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. மேலே உச்சியில் எறும்பு போல ஆட்கள் தெரிந்தார்கள். எங்களைப் பார்த்துவிட்டு டார்க்வில் அவசரப்பட்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டான்.

"யாரையோ உயிரோட அறுக்கறாங்க மேல," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. "முடியாது மர்டோ. இவ்ளோ தூரம் வந்துட்டு. அவன்கிட்ட என்ன சொல்லுவேன்?"

இதற்கு மேல் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் மனிதனே இல்லை.

"எஃபி, இது கார்பெட் இல்ல. நாங்க அளந்துட்டோம். நீ உக்காந்திருக்கிற இந்த இடத்துலேந்து உச்சிக்கு ஐந்நூறு அடி வரல, ரெண்டடி குறையுது."

அவள் கண்ணீரைத் துடைக்காமலே என்னைப் பார்த்தாள். "எப்பத் தெரியும்?"

"நேத்து."

"தெரிஞ்சே என்னை இந்தச் சேத்துல நடக்க விட்டியா? பாவி! என்னைச் சமாதானப்படுத்தக் கதை விடறியா?"

"ரெண்டடிக்கு நான் என்னைக்காவது கதை விட்டிருக்கேனா?"

குளிர்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

"போன வருஷம் இது பட்டியல்ல இருந்துச்சே," என்றாள்.

"போன வருஷமும் ரெண்டடி குறைவாத்தான் இருந்துச்சு. மலை நேத்து ராத்திரி குட்டையாகல."

அவள் விரல்களை மடக்கி எதையோ கணக்குப் பார்த்தாள். பார்க்க வேண்டிய கணக்கே இல்லை, பாக்கி இருந்தது இந்த ஒன்றுதான்.

"அப்ப பென் ஊலிக்தான் கடைசி."

"ஆமா."

"வந்துட்டானே," என்றாள். "சொன்னபடி வந்துட்டான். ரெண்டு பேருக்குமே தெரியல."

எனக்கும் கண் கலங்கியது. நல்லதைச் செய்துவிட்டோம் என்று ஒரு நொடி நிம்மதியாகக்கூட இருந்தது. அவள் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உச்சியில கையை நீட்டினான் மர்டோ. 'உங்க வழக்கப்படி குலுக்கு'ன்னான். மழை வர்ற மாதிரி இருந்துச்சு, எனக்கு எரிச்சல். 'அதெல்லாம் கடைசி மலையில குடுக்கறேன், நட'ன்னேன்."

மேலே டார்க்வில் வாசித்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் மற்றவர்கள் விஷயம் புரிந்து இறங்கி வந்து, அவளைத் தோளில் தாங்கிக் கீழே கொண்டுபோனார்கள். கேக்கை யாரும் வெட்டவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து, மறு வருடம் மே மாதத்தில் எஃபி எனக்குப் போன் செய்தாள்.

"காரை எடுத்துட்டு வா. பென் ஊலிக்குக்குப் போகணும்."

"ஏறிட்டியே அதை."

"உன்னை ஏறச் சொல்லல. கார்ல உக்காரு."

உட்கார்ந்தேன். செய்தித்தாள் முழுக்கப் படித்தேன், மரண அறிவிப்பு வரைக்கும். மழை வந்தது, போனது, திரும்ப வந்தது. மதியத்துக்கு மேல் அவள் வேலியைத் தாண்டி மெதுவாக இறங்கி வருவது தெரிந்தது. நல்ல குளிர். இடது கையில் கையுறை இருந்தது. வலது கை மட்டும் வெறுங்கையாக, சிவந்து, நனைந்திருந்தது.

குடுவையைத் திறந்து சூப்பை ஊற்றிக் கொடுத்தேன்.